நல்ல தாய் என்னும் சான்றிதழ்

1836 ஜூன் 22ஆம் தேதி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றத்தில் நிற்கவும் இடமில்லை. பிரதிவாதி மெல்பர்ன் பிரபு, அன்றைக்கு நாட்டின் பிரதமர். வாதி ஜார்ஜ் நார்ட்டன், வழக்கறிஞருக்குப் படித்தவர், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். தன் மனைவியோடு பிரதமர் கள்ள உறவு வைத்திருந்தார், அதற்கு நஷ்ட ஈடாக 10,000 பவுண்டு வேண்டும் என்பது நார்ட்டனின் கோரிக்கை. அவர் வீட்டிலிருந்து வேலையை விட்டுப் போன பணியாட்கள் ஒவ்வொருவராக வந்து, எந்தக் கதவு சாத்தியிருந்தது, சீமாட்டியின் தலைமுடி எப்படிக் கலைந்திருந்தது என்றெல்லாம் சாட்சி சொன்னார்கள். மார்னிங் க்ரானிகிள் பத்திரிகைக்காக இதையெல்லாம் குறிப்பெடுத்தவர் சார்லஸ் டிக்கன்ஸ் என்ற இளம் நிருபர். ஜூரிகள் தங்கள் இருக்கையைவிட்டு எழாமலே, பிரதமர் மீது குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

யாருடைய உடலைப் பற்றி நாள் முழுவதும் பேசப்பட்டதோ, அந்தக் கரோலின் நார்ட்டன் இந்த வழக்கில் யாருமே இல்லை. அவருக்கென்று வழக்கறிஞர் கிடையாது. சாட்சிக் கூண்டில் ஏறி, நடந்தது இது, நடக்காதது இது என்று சொல்லவும் அவரால் முடியாது. ‘கிரிமினல் கான்வர்சேஷன்’ என்று அந்த வகை வழக்குக்குப் பெயர். பேச்சுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வேலி தாண்டி வந்து பயிரை மேய்ந்துவிட்ட மாட்டின் சொந்தக்காரனிடம் நஷ்டம் கேட்பதுபோல, ஓர் ஆண் இன்னோர் ஆணிடம் பணம் கேட்கிற வழக்கு அது. பயிரைக் கூப்பிட்டு யாரும் விசாரிப்பதில்லை.

வழக்கில் தோற்ற பிறகும் ஜார்ஜ் நார்ட்டன் கையில் ஒன்று மிச்சமிருந்தது. அந்த வருடம் ஈஸ்டர் சமயத்திலேயே அவர் மூன்று மகன்களையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்தியிருந்தார். ஃப்ளெட்சருக்கு ஆறு வயது, பிரின்ஸ்லிக்கு நான்கு, வில்லியமுக்கு இரண்டு. மனைவி நிரபராதி என்று நாடறிந்த பிறகும் அவர் குழந்தைகளைத் திருப்பித் தரவில்லை. தர வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

இங்கிலாந்தின் வரலாற்று நாயகர்கள் என்று நம் பள்ளிப் பாடங்களில் வந்த பெயர்களை நினைத்துப் பார்த்தால் மன்னர்கள், தளபதிகள், பிரதமர்கள், பெண்களில் ஒரு விக்டோரியா ராணி, விளக்கேந்திய ஒரு நைட்டிங்கேல். கரோலின் நார்ட்டன் அந்த வரிசையில் இல்லை. ஆனால் மணமான பெண்ணுக்குத் தன் குழந்தையின் மீது ஏதாவது ஓர் உரிமை உண்டு என்று அந்த நாட்டின் சட்டப் புத்தகத்தில் முதன்முதலாக எழுத வைத்தவர் அவர்தான். எழுத வைத்தது எவ்வளவு, எந்த நிபந்தனையோடு என்பதையும் பார்க்க வேண்டும். அந்த நிபந்தனை பிற்பாடு எங்கெல்லாம் போய் நின்றது என்பதில், நமக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு பெண்ணின் கதையும் இருக்கிறது.

கரோலின் 1808இல் பிறந்தவர். நாடகாசிரியர் ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடனின் பேத்தி. தகப்பனார் நன்னம்பிக்கை முனையில் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனார். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் அரச தயவால் கிடைத்த சில அறைகளில் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் வளர்ந்தார். பெயர் இருந்தது, அழகு இருந்தது, கொடுத்தனுப்பப் பணம் இல்லை. பத்தொன்பது வயதில் ஜார்ஜ் நார்ட்டனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மணமான சில மாதங்களிலேயே அடி உதை தொடங்கிவிட்டது. கணவருக்குச் சம்பாதிக்கத் தெரியவில்லை. கவிதைகளும் கதைகளும் எழுதி, ஆண்டு மலர்களைத் தொகுத்து, கரோலின் கொண்டுவந்த பணத்தில் வீடு நடந்தது. அப்போது உள்துறை அமைச்சராக இருந்த மெல்பர்னிடம் பேசி, ஆண்டுக்கு 1,000 பவுண்டு சம்பளத்தில் கணவருக்கு மாஜிஸ்திரேட் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அந்த நட்பினால் பலன் வந்துகொண்டிருந்தவரை ஜார்ஜுக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை.

அன்றைய ஆங்கிலப் பொதுச்சட்டப்படி மணமான பெண்ணின் சட்ட இருப்பு கணவனுக்குள் கரைந்துவிடும். சொத்து அவனுடையது, அவள் கூலி அவனுடையது, குழந்தைகளும் அவனுடையவை. ‘தந்தைக்கு முன்னுரிமை’ என்றுகூட இதைச் சொல்ல முடியாது. முன்னுரிமை என்றால் பின்னால் இன்னொருவர் வரிசையில் நிற்க வேண்டும். தாய் வரிசையிலேயே இல்லை. 1804இல் டி மன்னவில் என்ற ஒரு வழக்கு. மனைவி கணவனைப் பிரிந்து கைக்குழந்தையோடு வாழ்கிறாள். கணவன் வந்து, பால் குடித்துக்கொண்டிருந்த எட்டு மாதக் குழந்தையைப் பறித்துக்கொண்டு போகிறான். தாய் நீதிமன்றத்துக்குப் போகிறாள். தந்தைக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது என்றார் தலைமை நீதிபதி எல்லன்பரோ. அத்தோடு முடிந்தது. நார்ட்டன் வழக்கு நடந்த அதே காலத்தில் கிரீன்ஹில் என்பவரின் மனைவிக்கும் இதே நிலை. இன்னொரு பெண்ணோடு வாழ்ந்துகொண்டிருந்த கணவனிடம் மூன்று பெண் குழந்தைகளையும் ஒப்படைக்கச் சொன்னது நீதிமன்றம். மனைவி மீது யாரும் ஒரு குற்றமும் சொல்லவில்லை.

குழந்தை மீது தாய்க்கு உரிமை இருந்த ஓர் இடமும் அந்தச் சட்டத்தில் உண்டு. மணமாகாமல் பெற்றவள் தன் குழந்தையை வைத்துக்கொள்ளலாம். சட்டத்தின் கண்ணில் அது யாருடைய பிள்ளையும் அல்ல, எனவே தூக்கிப்போக யாரும் வரமாட்டார்கள். இந்தக் கோணல் கரோலினின் கண்ணில் படாமல் இல்லை. தாலி கட்டிக்கொண்டவளுக்கு இல்லாத உரிமை கட்டாதவளுக்கு இருப்பதை, தன் வர்க்கத்துப் பெண்களுக்கே உரிய திகைப்போடு அவர் எழுதினார். அந்தத் திகைப்பில் ஒழுக்கம் பற்றிய மேட்டிமையும் கலந்திருப்பதை நாம் கவனிக்காமல் போக முடியாது.

வழக்கில் வாய் திறக்க முடியாத பெண் பேனாவை எடுத்தார். குழந்தைகள் மீது தாய்க்குள்ள இயற்கையான உரிமையைப் பற்றி 1837இல் ஒரு துண்டு நூல். ரெடிங் தொகுதியின் உறுப்பினர் தாமஸ் டால்ஃபோர்ட் மசோதாவைக் கொண்டுவந்தார். 1838இல் பிரபுக்கள் சபை அதைத் தோற்கடித்தது. தாய்மார்களுக்குக் குழந்தையைப் பார்க்கும் வழி கிடைத்துவிட்டால் மனைவிகள் துணிந்து வீட்டைவிட்டுப் போய்விடுவார்கள், குழந்தையைக் கணவனிடம் விட வேண்டும் என்ற பயம்தான் அவர்களைக் கட்டிவைத்திருக்கிறது என்று எதிர்ப்பாளர்கள் வெளிப்படையாகவே வாதாடினார்கள். ஒருவிதத்தில் இந்த நேர்மை பாராட்டத்தக்கது. குழந்தை பிணையாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பெண்ணியவாதிகள் பின்னாளில் சொன்னதை அவர்கள் முன்னமே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். இடையில் ஒரு பத்திரிகை கரோலினைக் கேவலமாகத் தாக்கி எழுதியது. அவதூறு வழக்குப் போடலாம் என்று பார்த்தால், மணமான பெண் தன் பெயரில் வழக்குப் போட முடியாது. சட்டப்படி அவர் சார்பில் வழக்குப் போட வேண்டியவர் கணவர். ‘பியர்ஸ் ஸ்டீவன்சன்’ என்ற ஆண் பெயரில் சட்ட அமைச்சருக்கு ஒரு நீண்ட கடிதத்தை எழுதி அச்சிட்டு எல்லோருக்கும் அனுப்பினார்.

1839இல் குழந்தைகள் காவல் சட்டம் நிறைவேறியது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தன்னிடம் தரும்படியும், குழந்தைகளைப் பார்க்க அனுமதிக்கும்படியும் தாய் சான்சரி நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். மனுதான். கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் இஷ்டம். அவள் மீது கள்ள உறவு நிரூபிக்கப்பட்டிருந்தால் மனுவே செல்லாது. கணவனுக்கு இப்படி ஒரு நிபந்தனை விதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சான்சரி நீதிமன்றம் என்பது பணம் விழுங்கும் கிணறு. நூற்பாலையில் வேலை பார்த்தவளோ, வீட்டு வேலைக்குப் போனவளோ அந்த வாசலை மிதித்திருக்க வழியே இல்லை.

கரோலினுக்குமே அது உடனே உதவவில்லை. பிள்ளைகள் இருந்தது ஸ்காட்லாந்தில், கணவரின் சகோதரி வீட்டில். இங்கிலாந்தின் சட்டம் அங்கே செல்லாது. 1842இல் கடைசி மகன் வில்லியம், எட்டு அல்லது ஒன்பது வயதுப் பையன், யார்க்‌ஷயரில் குதிரையிலிருந்து விழுந்தான். காயம் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. நிலைமை முற்றிய பிறகு தாய்க்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்து சேர்வதற்குள் பையன் இறந்துவிட்டான். மற்ற இரண்டு பிள்ளைகளை அவர் பார்க்க ஜார்ஜ் நார்ட்டன் இணங்கியது அதற்குப் பிறகு.

பண விவகாரம் தனிக்கதை. பிரிந்து வாழ ஆண்டுக்கு 500 பவுண்டு தருவதாக 1848இல் கணவர் கையெழுத்திட்டுக் கொடுத்தார். சில வருடங்களில் நிறுத்திவிட்டார். மனைவி என்பவள் சட்டத்தில் தனி ஆள் அல்ல, தன்னோடு தானே ஒப்பந்தம் போட்டுக்கொள்ள முடியாது, ஆகவே பத்திரம் செல்லாது என்பது அவர் வாதம். 1853இல் கோச்சு வண்டி பழுது பார்த்தவர் பாக்கிக்காகத் தொடுத்த சிறு வழக்கில் இதெல்லாம் சந்திக்கு வந்தது. இந்த முறை கரோலின் சாட்சிக் கூண்டில் ஏறினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் பெண்களுக்கான ஆங்கிலச் சட்டங்களைப் பற்றி ஒரு நூலும், விக்டோரியா ராணிக்கு ஒரு பகிரங்கக் கடிதமும் எழுதினார். பிரிந்து வாழும் மனைவியின் சம்பாத்தியத்தைக் கணவன் பறிக்க முடியாதபடி 1857ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டத்தில் சேர்ந்த பிரிவுகளுக்குப் பின்னால் இந்த எழுத்துகள் இருக்கின்றன. அதே சட்டம்தான் கணவன் மணவிலக்குப் பெற மனைவியின் கள்ள உறவு ஒன்றே போதும், மனைவிக்கோ அதோடு கொடுமையோ கைவிடலோ சேர்ந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. இத்தனைக்கும் நடுவில் பிரபுக்கள் சபையின் சுவரோவியம் ஒன்றில், டேனியல் மக்ளீஸ் வரைந்த நீதி தேவதைக்கு, கரோலின் மாதிரியாக நின்றார். சொந்தமாக வழக்குப் போடத் தகுதியில்லாத பெண்ணின் சாயல், சட்டம் இயற்றுகிறவர்களின் தலைக்கு மேலே.

அவரைக் கொண்டாடுவதில் நமக்கு ஒரு நெருடல் உண்டு. ஆணும் பெண்ணும் சமம் என்பதைத் தான் நம்பவில்லை என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். பெண் ஆணைவிடத் தாழ்ந்தவள், அது கடவுளின் ஏற்பாடு, தாழ்ந்தவளுக்கு வேண்டியது பாதுகாப்பு, அதைத்தான் கேட்கிறேன் என்பது அவர் நிலை. இது தந்திரமா, நம்பிக்கையா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எனக்கு இரண்டும் கலந்தது என்றே படுகிறது. சமத்துவம் கேட்ட மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் பெயர் அந்தக் காலத்தில் மரியாதைப்பட்ட வீடுகளில் வசைச்சொல்லாகிவிட்டிருந்தது. கள்ள உறவுப் பழி சுமந்த ஒரு பெண், அந்தப் பழியை மறுத்துக்கொண்டே பிரபுக்களிடம் பேச வேண்டும். தாய்மை ஒன்றுதான் அவர் உடுத்திக்கொள்ளக்கூடிய வெள்ளை ஆடை. அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கெஞ்சிப் பெற்ற சட்டத்தில் கெஞ்சலின் சுவடு அப்படியே பதிந்தது. நல்ல தாய் என்று நீதிபதியிடம் சான்றிதழ் வாங்கியவளுக்கே குழந்தை என்று ஆயிற்று. நல்லவள் யார் என்பதை நீதிபதி முடிவு செய்வார்.

அந்தச் சான்றிதழ் மறுக்கப்பட்டவர்களில் நமக்குத் தெரிந்தவர் அன்னி பெசன்ட். தன்னாட்சி இயக்கத் தலைவர், காங்கிரஸ் தலைவர், அடையாற்றுப் பிரம்மஞான சபையின் தலைவர் என்று அவரை அறிவோம். பெசன்ட் நகர் என்று பேருந்தில் பலகையே இருக்கிறது. அதற்கெல்லாம் முன்பு அவர் லிங்கன்ஷயரில் சிப்ஸி என்ற கிராமத்துப் பாதிரியாரின் மனைவி. இருபது வயதில் திருமணம், ஒரு மகன் டிக்பி, ஒரு மகள் மேபெல். மேபெல் கைக்குழந்தையாகக் கக்குவான் இருமலில் மூச்சுத் திணறிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் அவருடைய கடவுள் நம்பிக்கை ஆட்டம் கண்டது. தேவாலயத்தில் நற்கருணை வாங்க மறுத்தார். பாதிரியார் வீட்டில் இது எப்படி நடக்கும்? 1873இல் பிரிந்தார்கள். மகன் தந்தையிடம், மகள் தாயிடம் என்று பத்திரம் எழுதிக்கொண்டார்கள்.

அதே 1873இல் வந்த புதிய சட்டம் கரோலின் காலத்துச் சட்டத்தைத் தளர்த்தியிருந்தது. வயது வரம்பு பதினாறு ஆயிற்று, கள்ள உறவுத் தடை நீங்கியது, பிரிவுப் பத்திரத்தில் குழந்தை தாயிடம் என்று எழுதினால் அதுவும் செல்லும் என்று ஆயிற்று. ஒரே ஒரு விதிவிலக்கு. அது குழந்தையின் நன்மைக்கு உகந்ததல்ல என்று நீதிமன்றம் கருதினால் செல்லாது.

1877இல் அன்னி பெசன்டும் சார்லஸ் பிராட்லாவும் கருத்தடை பற்றி அமெரிக்க மருத்துவர் நோல்டன் எழுதிய சிறு நூலை மறுபதிப்பு செய்தார்கள். ஆபாசம் என்று வழக்கு. பெசன்ட் தானே வாதாடினார். வருடத்துக்கு ஒன்றாகப் பெற்று, பாதியைப் புதைக்கும் ஏழைப் பெண்களைப் பற்றி ஒரு பெண் நீதிமன்றத்தில் வெளிப்படையாகப் பேசுவது அந்த நாட்டுக்குப் புதிது. விதித்த ஆறு மாதச் சிறையும் 200 பவுண்டு அபராதமும் மேல்முறையீட்டில் ஒரு தொழில்நுட்பக் குறையால் ரத்தாயின. சிறையிலிருந்து தப்பினார். ஆனால் கணவர் காத்திருந்தார். 1878இல் மேபெலைக் கேட்டு சான்சரி நீதிமன்றத்துக்குப் போனார் பாதிரியார் ஃபிராங்க் பெசன்ட்.

நீதிபதி சர் ஜார்ஜ் ஜெஸ்ஸல். ஒரு பெண் தன் வழக்கைத் தானே நடத்த வந்து நிற்பதே அவருக்குப் பிடிக்கவில்லை. குழந்தையை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார் என்பதில் அவருக்குச் சந்தேகம் எழவில்லை. மதக் கல்வி கொடுக்கவில்லை, இப்படி ஒரு நூலை வெளியிட்டார், கண்ணியமான பெண்கள் இவரோடு பழகமாட்டார்கள், இவரிடம் வளரும் பெண்ணோடும் பழகமாட்டார்கள் என்பவைதான் காரணங்கள். பத்திரம் செல்லாமல் போனது. அப்போது மேபெலுக்கு ஏழு வயது. உடம்பு தேறாமல் இருந்த பிள்ளையை ஆள் வந்து கூட்டிப்போனார்கள். ஜெஸ்ஸல் ஒரு யூதர். தன் சமயத்தின் காரணமாகவே அவருடைய முன்னோர்களுக்கு நீதிபதி பதவி எட்டாமல் இருந்தது. அப்படிப்பட்டவர் ஒரு தாயின் அவநம்பிக்கையைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பிரித்தார். கள்ள உறவு என்ற பழைய தடையைச் சட்டத்திலிருந்து எடுத்த ஐந்தே வருடங்களில் அதன் இடத்தில் கருத்து வந்து உட்கார்ந்துவிட்டது. வளர்ந்து தம் இஷ்டப்படி நடக்கும் வயது வந்ததும் டிக்பியும் மேபெலும் தாயிடமே வந்தார்கள். ஆனால் நடுவில் போன வருடங்கள் போனவைதான்.

இனி அடையாறு. 1909இல் பிரம்மஞான சபை வளாகத்துக்குக் குடிவந்த நாராயணய்யா, ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர், மனைவியை இழந்தவர். அவருடைய மகன் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தியிடம் உலக குருவாகும் அம்சத்தைக் கண்டதாகச் சபையின் லெட்பீட்டர் சொன்னார். 1910 மார்ச்சில் கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யானந்தத்தையும் பெசன்டின் பொறுப்பில் விடுவதாகத் தந்தை எழுதிக் கொடுத்தார். பையன்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட பிறகு, 1912இல், திருப்பித் தரும்படி வழக்குத் தொடுத்தார். செங்கல்பட்டில் தொடங்கிச் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் தந்தைக்காக வாதாடியவர் சி. பி. ராமசாமி ஐயர். பெசன்ட், லண்டனில் செய்ததுபோலவே, தானே வாதாடினார்.

பெண்ணியம் பேசும் நாம் இந்த இடத்தில் பெசன்ட் பக்கம் சாய்ந்துவிடுவது எளிது, சரியாகாது. முன்பு குழந்தையை இழந்து நின்றவர், இப்போது அதிகாரமும் செல்வாக்கும் உள்ள ஆங்கிலேயச் சீமாட்டி. எதிரே நின்றவர் அவருடைய சபையை அண்டி வாழ்ந்த ஓர் இந்தியத் தகப்பன். லெட்பீட்டர் மீது சொல்லப்பட்ட குறிப்பான குற்றச்சாட்டை நீதிபதி பேக்வெல் ஏற்கவில்லை என்றாலும், அவருடைய கருத்துகளே பையன்களுக்கு ஆசிரியராக இருக்கத் தகுதியற்றவை என்றார். அந்தப் பயத்தை ஒரு தகப்பனின் வீண் பிடிவாதம் என்று தள்ள முடியாது. 1913இல் கீழேயும் மேல்முறையீட்டிலும் பெசன்ட் தோற்றார். 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் காரணம் வேறு: இங்கிலாந்தில் இருக்கும் பையன்கள் மீது இந்த வழக்கை விசாரிக்க இங்குள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை, அவர்களுடைய விருப்பமும் கேட்கப்படவில்லை. கூடவே, இந்துத் தந்தைதான் தன் மைனர் பிள்ளைகளின் இயற்கையான கார்டியன், அந்தப் பொறுப்பை உயிரோடிருக்கும்போது திரும்பப்பெற முடியாதபடி இன்னொருவருக்குக் கொடுத்துவிட முடியாது என்ற கருத்தையும் தீர்ப்பு உறுதிசெய்தது. 1878இல் பெசன்டுக்கு எதிராக வேலை செய்த அதே தந்தை உரிமை, அவர் ஜெயித்த வழக்கின் வழியாகவே இந்தியச் சட்டப் புத்தகங்களில் இன்னும் ஆழமாக இறங்கியது. நமது வழக்கறிஞர்கள் அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். இத்தனை பக்கங்களில் பையன்களின் தாய் சஞ்சீவம்மா பற்றி அநேகமாக ஒன்றும் இல்லை. அவர் 1905லேயே இறந்துவிட்டார்.

1890ஆம் ஆண்டு கார்டியன் சட்டம் அந்த ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் நிழலில் எழுதப்பட்டது. தந்தை உயிரோடு, தகுதியோடு இருக்கும்போது வேறு கார்டியனை நியமிக்க அது வழிவிடவில்லை. சுதந்திரம் வந்து ஒன்பது வருடம் கழித்து வந்த 1956ஆம் ஆண்டு இந்து மைனர் சட்டத்தின் ஆறாவது பிரிவு, மைனரின் இயற்கையான கார்டியன் தந்தை, அவருக்குப் பிறகு தாய் என்கிறது. மணமாகாமல் பிறந்த பிள்ளைக்கு முதலில் தாய், பிறகு தந்தை. கரோலின் திகைத்துப்போன அதே கோணல், மாறாமல், நம் சட்டத்தில்.

தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்த எழுத்தாளர் கீதா ஹரிஹரனிடம் தந்தையின் கையெழுத்தைக் கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்தப் பிரிவு பெண்களுக்கு எதிரானது, செல்லாது என்று அறிவிக்கக் கேட்டிருந்தார்கள். 1999இல் வந்த தீர்ப்பு அதைச் செல்லாது என்று சொல்லவில்லை. ‘பிறகு’ என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருளல்ல, தந்தை இல்லாத நிலையில், அவர் அக்கறை காட்டாத நிலையில் என்றும் கொள்ளலாம் என்று விளக்கியது. 2010இல் ஒரு திருத்தம் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தில் தந்தைக்குப் பக்கத்தில் தாயையும் சேர்த்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாவது பிரிவில் அந்தச் சொல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.